ஒலித்தூய்மையும் மொழிச்சான்றும்: நாடாப் பதிவுகள் இலக்கமுறைக்கு மாறும் வரலாறு

1. முன்னுரை

ஓலையிலிருந்து தாளுக்கு நூல்கள் பெயர்ந்த காலத்தில் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஒரு வினாவை ஓயாமல் எதிர்கொண்டனர். ஏடு சிதைந்த இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்புவதா, சிதைந்ததெனக் குறித்து விட்டுவிடுவதா என்பதே அவ்வினா. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு அளித்த விடைகளே தமிழில் பாடபேதம் காட்டும் பதிப்பு மரபாக வளர்ந்தன. அதே வினா இன்று வேறொரு பொருளைப் பற்றி எழுந்துள்ளது. காந்த நாடாவில் பதிவான பேச்சும் பாட்டும் டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறைக்கு மாற்றப்படுகின்றன. அவ்வாறு மாற்றும்போது இரைச்சலும் நீக்கப்படுகின்றது. நீக்கப்படுவது இரைச்சல் மட்டுந்தானா என்பதை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய வேண்டியுள்ளது.

ஒலிப்பதிவை இடம் மாற்றுவதும் தூய்மை செய்வதும் வெறும் தொழில்நுட்பப் பணிகள் அல்ல. அவை பதிப்புப் பணிகள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இந்திய ஒலிப்பதிவு தொடங்கிய கல்கத்தாவிலிருந்து இவ்வரலாறு நோக்கப்படுகின்றது. பின்னர் நாடாவின் இயல்பும், தூய்மை முறைகளால் தமிழ் ஒலிகளுக்கு நேரும் விளைவும் ஆராயப்படுகின்றன.

2. சால்ட் லேக்கும் அதன் சுற்றுப்புறமும்

கொல்கத்தாவின் கிழக்கெல்லையில் உள்ள சால்ட் லேக், உவர்நீர்ச் சதுப்பைத் தூர்த்து எழுப்பிய நகரம். ஊக்ளி ஆற்று வண்டலைக் குழாய்கள் வழியாகக் கொணர்ந்து கொட்டி நிலம் உயர்த்தும் பணி 1962 முதல் 1967 வரை நடைபெற்றது. யுகோசுலாவியாவைச் சேர்ந்த தொப்ரிவோயே தோஷ்கோவிச் நகரமைப்புத் திட்டத்தை வகுத்தார். முதலமைச்சர் பிதான் சந்திர ராய் நினைவாகப் பிதான்நகர் என்னும் பெயரும் இந்நகருக்கு உண்டு.

இதன் தென்மேற்கே பெலியாகாட்டாவும் வடக்கே டம்டமும் அமைந்துள்ளன. ஒலிப்பதிவு வரலாற்றில் இவ்விரண்டு இடங்களும் குறிப்பிடத்தக்கவை. 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் வணிக ஒலிப்பதிவுகளைச் செய்தார். அப்போது பதிவானவர்களுள் பாடகி கௌஹர் ஜானும் ஒருவர். அம்மூலங்கள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறி, அங்கே தட்டுகளாகித் திரும்பின. 1908இல் பெலியாகாட்டாச் சாலையில் இசைத்தட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. 1928இல் டம்டம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. எச்.எம்.வி. முத்திரையுடன் தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்த தட்டுகளுள் பெரும்பகுதி இங்கு உருவானதே.

இவ்விரு இடங்களுக்கும் அண்மையில் உள்ள சால்ட் லேக் ஐந்தாம் பிரிவு, 1980களில் மின்னணுத் தொழில் வளாகமாக வளரத் தொடங்கியது. வங்காளப் பேச்சொலியைக் கணினி வழி ஆராயும் பணிகளை மேற்கொண்ட சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையம் இப்பகுதியில் உள்ளது. யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வளாகமும் சால்ட் லேக்கில் அமைந்துள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள், ஆவணங்கள் பள்ளி, தனியார் சேகரிப்புகளில் இருந்த வடஇந்திய இசைத்தட்டுகளையும் சுருள்நாடாக்களையும் இலக்கமுறைக்கு மாற்றிப் பெரியதொரு காப்பகத்தை உருவாக்கியது. அரக்குத் தட்டின் காலமும் கணினியின் காலமும் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதி இது.

3. மொழிக்காகச் செய்த முதற்பதிவுகள்

இசை வணிகத்துக்காக வந்த கருவி விரைவிலேயே மொழி ஆய்வுக்கும் பயன்பட்டது. ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்காய்வின் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை கல்கத்தாவில் அச்சாயின. 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் அக்கணக்காய்வு பட்டியலிட்டது. எழுத்தில் அடங்காத ஒலிநுட்பங்களைக் காக்க 1913 முதல் 1929 வரை இசைத்தட்டுப் பதிவுகளும் செய்யப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட அப்பதிவுகளில், மொழிகளை ஒப்பிடுவதற்கு உதவும் பொருட்டு, விவிலியத்தின் கெட்ட குமாரன் உவமை பல மொழிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுள்ளது.

சென்னை மாகாணம் முதன்மைக் களஆய்வில் உட்படுத்தப்படவில்லை. எனினும் அம்மாகாணத்து மொழிகள் தட்டுகளில் பதிவாயின. பதிவான பகுதிகளின் எழுத்துவடிவம் 1927இல் சென்னையில் நூலாக அச்சிடப்பட்டது. ஆகவே ஒரே பகுதிக்கு ஒலிச்சான்று ஒன்றும் எழுத்துச்சான்று ஒன்றும் கிடைக்கும் அரிய வாய்ப்பு இன்றைய ஆய்வாளருக்கு உள்ளது. இப்பதிவுகள் பிற்காலத்தில் இலக்கமுறைக்கு மாற்றப்பட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தின் வழி யாவரும் கேட்கக் கிடைக்கின்றன.

இத்தட்டுகளைக் கேட்போர் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். 1925இல் மின்வழிப் பதிவு வருமுன் குரல் ஒரு கூம்பின் வழியே ஊசியை நேரடியாக அசைத்தது. அம்முறையில் ஏறத்தாழ 2500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் மிகக் குறைவாகவே பதிவாயின. சகர உரசொலியின் ஆற்றலோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைவது. எனவே, அக்காலத் தட்டொன்றில் 'ஸ' என ஒலிக்கப்பட்டதா 'ஷ' என ஒலிக்கப்பட்டதா எனக் காதால் மட்டும் துணிவது கடினம். பதிவாகாத ஒலியை எந்தத் தூய்மை முறையாலும் மீட்க இயலாது. அதை மீட்டதுபோல் ஒலிக்கும் பிரதி, சிதைந்த ஏட்டில் பதிப்பாசிரியர் தாமே எழுதிச் சேர்த்த சொல்லுக்கு ஒப்பானது.

டச்சு நாட்டு அறிஞர் ஆர்னால்டு பாக்கே 1930களில் வங்காளத்திலும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மெழுகு உருளைகளிலும் பிற கருவிகளிலும் பதிவுகள் செய்தார். அவற்றின் படிகளுடன் நசீர் ஜெயராஸ்பாயும் ஏமி காட்லினும் 1984இல் தென்னிந்திய ஊர்களுக்குச் சென்று, அதே மரபுகளின் அடுத்த தலைமுறையினரிடம் அவற்றைக் கேட்கச் செய்தனர். பிற்காலத்தில் கொல்கத்தாவைச் சேர்ந்த மௌசுமி பௌமிக், சுகந்த மஜும்தார் ஆகியோரின் 'டிராவலிங் ஆர்க்கைவ்' பாக்கேயின் வங்காளப் பதிவுகளை அவ்வாறே மக்களிடம் எடுத்துச் சென்றது. ஒரு பதிவின் பொருள் அதன் படியைக் கேட்போரால் மீண்டும் விளக்கம் பெறும் என்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன. அதற்குப் படி நம்பகமானதாக இருத்தல் வேண்டும்.

4. காந்த நாடாவின் இயல்பும் முதுமையும்

1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மேக்னெட்டோபோன் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடாப் பதிவு உலகெங்கும் பரவியது. தட்டில் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்த கதைப்பாடலை இரவு முழுவதும் பதிவு செய்யும் வாய்ப்பு ஆய்வாளருக்கு அப்போதுதான் கிட்டியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகம் செய்தபின் எளிய மாணவரும் களப்பதிவு செய்ய முடிந்தது. நாட்டார் வழக்காற்றியலிலும் கிளைமொழி ஆய்விலும் தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் பெற்ற வளர்ச்சியில் இக்கருவிக்குப் பங்குண்டு.

நாடா மூன்று கூறுகளால் ஆனது: அடித்தளமாகிய மெல்லிய படலம், காந்தத் துகள், அத்துகளைப் படலத்தோடு பிணைக்கும் பசை. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் மூப்படைகின்றன. பழைய அசிட்டேட் படலம் காடி நாற்றம் வீசி, சுருங்கி, ஒடியும். 1970களிலும் 1980களிலும் உருவான பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவை ஓட்டினால் காந்தத்துகள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். உரிந்த துகளோடு பேச்சும் போய்விடும். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் கொல்கத்தாவிலும், கடலோரச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இவற்றோடு பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது.

பிசுபிசுத்த பாலியெஸ்டர் நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கினால் சில வாரங்களுக்கு அது ஓடும் நிலை பெறும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். அசிட்டேட் நாடாவுக்கு இம்முறை கேடு விளைவிக்கும். ஆகவே, நாடாவின் வகையை முதலில் அறிதல் இன்றியமையாதது. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அசிட்டேட் ஒளி ஊடுருவத் தோன்றும். பாலியெஸ்டர் பொதுவாக இருண்டு தோன்றும்.

நாடாவைவிட அதை ஓட்டும் கருவியே முந்தி மறைகின்றது என்பது மற்றொரு இடர். உதிரிப்பாகமும் பழுதுநீக்கும் கைகளும் அருகி வருகின்றன. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இல் இதை எச்சரித்து, 2025ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்தது. யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் 2019இல் அதே ஆண்டைச் சுட்டி உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கின. அவ்வாண்டு வந்துவிட்டது, பெட்டிகளில் கிடக்கும் நாடாக்களோ இன்னும் பல.

5. மாற்றத்தின் படிநிலைகள்

நாடாவை ஓட்டிக் கணினியில் இணைத்தால் மாற்றம் முடிந்தது எனப் பலர் கருதுவர். நடைமுறையில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர உழைப்பு வேண்டும். பதிவு வேகத்தை அறிதல் முதற்படி. நொடிக்கு 19 சென்டிமீட்டர், 9.5 சென்டிமீட்டர், 4.75 சென்டிமீட்டர் என்பன பரவலாக வழங்கிய வேகங்கள். தட அமைப்பை அறிதல் இரண்டாம்படி. இருபுறமும் பதிவான நாடாவை முழுத்தடக் கருவியில் ஓட்டினால் மறுபுறப் பேச்சு தலைகீழாகக் கலந்து ஒலிக்கும். நாடாவின் மேல் ஒலித்தலை நிற்கும் கோணத்தைச் செம்மைப்படுத்துதல் மூன்றாம்படி. பதிவு செய்த கருவியின் கோணமும் ஓட்டும் கருவியின் கோணமும் சிறிதளவு வேறுபட்டாலும் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். சகர உரசொலியும் வெடிப்பொலிகளின் கூர்மையும் குன்றிக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இவ்வாறு செம்மைப்படுத்திய பின்னரே ஒலி எண்களாக மாற்றப்படுகின்றது. 1982இல் வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகளையும் 16 பிட் அளவையும் கொண்டது. காப்பகப் படிக்கு நொடிக்கு 48,000 மாதிரிகளும் 24 பிட்டும் கீழெல்லை என்றும், 96,000 மாதிரிகள் விரும்பத்தக்கவை என்றும் பன்னாட்டுச் சங்கத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. பின்னைய அளவில் இரு தடப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் கொள்ளும்.

ஒரு செய்தி இங்கு அழுத்திக் கூறத்தக்கது. கோணம் பிழைத்ததால் மாற்றத்தில் இழந்த ஒலியைப் பின்னர் மென்பொருளால் மீட்க முடியாது. நாடா மீண்டும் ஓடும் நிலையில் இல்லையெனில் அப்பிழையே மூலமாகிவிடும். ஆகவே, குறைந்த பொருள்வளம் கொண்ட நிறுவனங்கள் தூய்மை மென்பொருளுக்குச் செலவிடுவதைவிட நல்ல ஓட்டுகருவிக்கும் அதைப் பேணும் பயிற்சி பெற்றவருக்கும் செலவிடுவதே முறை.

6. தூய்மையும் தமிழ் ஒலிகளும்

கணினி வழித் தூய்மை முறைகள் 1980களில் உருப்பெற்றன. பிரிட்டனின் தேசிய ஒலிக் காப்பகம் 1983இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடங்கச் செய்த ஆய்விலிருந்து சீடார் நிறுவனம் 1988இல் தோன்றியது. அக்காலம் முதல் வழக்கிலுள்ள முறைகளுள் மூன்றைத் தமிழ் நோக்கில் ஆராய்வது பயன்தரும்.

முதலாவது, சீரான இரைச்சலைக் கழித்தல். பேச்சு நிகழாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்து, பதிவு முழுவதிலும் அதைக் கழிப்பது இம்முறை. இரைச்சலின் அளவுக்கு அருகில் உள்ள மெல்லிய ஒலிகளும் அதனோடு கழிந்துபோகும். தமிழில் சொல்லின் ஈற்றில் வரும் குற்றியலுகரம் இவ்வகையில் முதலில் பலியாவது. தொல்காப்பியர் அரை மாத்திரை என வரையறுத்த அவ்வொலி, 'நாடு', 'ஆறு' போன்ற சொற்களில் இதழ் குவியாமல் தேய்ந்து ஒலிப்பது. பேச்சுத்தமிழில் 'மரம்', 'வந்தான்' ஆகியவற்றின் ஈற்று மெய் மறைந்து உயிர் மூக்கொலி பெறுவதும் அத்தகைய மெல்லிய நிகழ்வே. மிகையாகத் தூய்மை செய்த படியைக் கேட்டு, ஒரு கிளைமொழியில் ஈற்றுகரம் கெடுகிறது என்றோ மூக்கின உயிர் இல்லையென்றோ ஒருவர் முடிவு செய்தால், அது பேசியவரின் இலக்கணமன்று, மென்பொருளின் இலக்கணம்.

இரண்டாவது, சொடக்கொலி நீக்கம். தட்டின் கீறலும் நாடாவின் ஒட்டும் சில மில்லிநொடி நீளும் திடீர் ஒலிகளை எழுப்பும். வல்லினத்தின் வெடிப்பும் அத்தகைய குறுகிய திடீர் ஒலியே. அளவு மீறினால் மென்பொருள் இரண்டையும் வேறுபடுத்தாது. பல்லொலித் தகரத்தையும் வளைநாவொலி டகரத்தையும் பிரித்தறிய உதவும் குறிப்புகளுள் வெடிப்பின் தன்மையும் ஒன்றாதலின் இவ்விழப்பு சிறிதன்று.

மூன்றாவது, மின் ரீங்காரத்தை நீக்குதல். இந்திய மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் அளவினது. அதன் ரீங்காரம் 50, 100, 150 என மடங்குகளில் பதிவாகும். ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இயங்குவது. ரீங்காரத்தை வெட்டும் வடிப்பான் குரலின் அடித்தளத்தையும் வெட்டும். குரல் ஏற்ற இறக்கத்தை அளந்து வினாவையும் வியப்பையும் ஆராய்வோர்க்கு இத்தகைய படி தவறான அளவுகளைத் தரக்கூடும்.

ரீங்காரத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. பதிவின்போது புகுந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் படியில் 52.5 ஹெர்ட்ஸாகக் காணப்பட்டால் நாடா ஏறத்தாழ 5 விழுக்காடு விரைவாக ஓடியது என அறியலாம். மின்வழங்கல் எப்போதும் துல்லியமாக இருந்ததில்லை என்பதையும், ஓட்டும் கருவி தன் ரீங்காரத்தைச் சேர்க்கக்கூடும் என்பதையும் கருதியே இம்முடிவை எட்ட வேண்டும். மின்கலத்தில் இயங்கிய கருவிகளின் பதிவில் இச்சான்று கிட்டுவது அரிது. எனினும், இரைச்சலெனக் களையப்படுவதே பேசியவரின் உண்மையான குரலுயரத்தைக் காட்டும் சான்றாகலாம் என்பது நோக்கத்தக்கது.

அண்மையில் பரவிவரும் செயற்கை நுண்ணறிவு முறைகள் வேறு வகையின. அவை இரைச்சலைக் கழிப்பதோடு நில்லாமல், கற்ற பேச்சுகளின் அடிப்படையில் ஒலியை ஊகித்து அமைக்கவும் வல்லன. அவற்றின் பயிற்சியில் இடம்பெறாத வட்டார ஒலியொன்று, இடம்பெற்ற வேறோர் ஒலியை நோக்கி நகர்த்தப்படும் வாய்ப்பு உண்டு. பழைய முறைகள் எழுத்தை அழித்தன எனில், இவை எழுத்தைத் திருத்தி எழுதவும் கூடும். கேட்பதற்கு இனிமையாக இருப்பதால் பிழை வெளித்தெரிவதும் அரிது.

7. அண்ணன்மார் கதைப் பதிவு

இவ்வினாக்கள் மொழிபெயர்ப்பாளரை எவ்வாறு தொடுகின்றன என்பதற்குக் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை தக்க சான்று. பொன்னர், சங்கர் ஆகியோரின் வரலாற்றைக் கூறும் இக்கதைப்பாடலைப் பிரெண்டா பெக் 1965இல் கொங்குப் பகுதியில் நாடாவில் பதிவு செய்தார். உடுக்கையுடன் பல இரவுகள் பாடப்பெற்ற நிகழ்த்துதல் அது. பாடியவரே எழுதுவோர்க்குச் சொல்லிய வடிவமும் தனியே பெறப்பட்டது. நிகழ்த்திய வடிவத்தையும் சொல்லி எழுதுவித்த வடிவத்தையும் ஒப்பிட்டு அவர் 1982இல் ஓர் ஆய்வுநூலை வெளியிட்டார். தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இரு தொகுதிகளாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி வெளிவந்தன. ஒலிப்பதிவுகள் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலக மின்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

எழுதுவோர்க்குச் சொல்லும்போது பாடகர் அவையை இழக்கிறார். நிகழ்த்தும்போது அவை அவரோடு இருக்கிறது. அந்த அவையின் இருப்பு நாடாவில் மட்டுமே பதிவாகும். உடன்பாடுவோரின் எதிர்மொழி, கேட்போரின் சிரிப்பு, அடுத்த அடிக்குமுன் உடுக்கை நிரப்பும் இடைவெளி ஆகியவை பேச்சை மட்டும் தேடும் தூய்மை முறைக்குப் பின்னணி இரைச்சல். மொழிபெயர்ப்பாளருக்கோ அவை பொருள் தரும் குறிகள். ஓர் அடி ஏளனமா இரக்கமா என்பதைச் சிரிப்பு காட்டும். ஒரு தொடர் எங்கே முடிகிறது என்பதை உடுக்கை காட்டும். எதிர்மொழி நீங்கிய படியை வைத்து மொழிபெயர்ப்போர், இருவர் கூடிச் சொன்ன கதையை ஒருவர் சொன்னதாக ஆக்கிவிடுவர்.

8. பதிப்பு நெறி

மாற்றிய ஒலி எவ்வகைக் குறுக்கீடுமின்றி ஒரு படியாகக் காக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. தூய்மை செய்தது அதிலிருந்து எடுத்த வேறு படி. முதற்படியின் இடத்தை அது பெறலாகாது. தமிழ்ச்சூழலில் இதனோடு மேலும் மூன்று நடைமுறைகளைச் சேர்க்கலாம். எந்த முறையால், எந்த அளவில், பதிவின் எப்பகுதியில் தூய்மை செய்யப்பட்டது என்பதைச் சுவடி விளக்கம் போல் எழுதி இணைத்தல் வேண்டும். நாடாப் பெட்டியின் மேலெழுத்து, உள்ளே செருகிய துண்டுத்தாள், பதிவின் தொடக்கத்தில் ஆய்வாளர் கூறும் ஊரும் நாளும் ஆகியவற்றைப் பதிவின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டு தரும்போது அது முதற்படியிலிருந்து பெறப்பட்டதா, தூய்மைப் படியிலிருந்து பெறப்பட்டதா எனக் குறித்தல் வேண்டும்.

தூய்மைப் படி வேண்டாததன்று. வகுப்பறையில் கேட்பதற்கும், எழுத்துப்பெயர்ப்பில் ஐயம் நேர்ந்த இடத்தைத் தெளிவதற்கும், பாடியவரின் ஊருக்கு அவர் குரலை மீண்டும் கொண்டுசெல்வதற்கும் அது உதவும். உரையாசிரியர் உரை மூலத்துக்கு வழிகாட்டுவது போன்றது அது. உரை கிடைத்ததென்று மூலத்தைக் கைவிடுவார் இல்லை.

9. முடிவுரை

கெய்ஸ்பெர்க்கின் பதிவுகளுக்கும் சால்ட் லேக்கின் கணினிக் கூடங்களுக்கும் இடையே உள்ள காலம் ஒரு நூற்றாண்டே. அக்காலத்துக்குள் தமிழ்ப்பேச்சு மெழுகிலும் அரக்கிலும் நாடாவிலும் எண்ணிலும் பதிந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் ஒலியின் ஒரு பகுதி உடன் வந்தது. ஒரு பகுதி விடுபட்டது. விடுபட்டது எதுவெனக் குறித்து வைத்த பதிவே பிற்கால ஆய்வுக்கு உதவியுள்ளது. நாடாவை ஓட்டும் கருவிகள் இயங்கும் நாட்கள் சிலவே எஞ்சியுள்ள நிலையில், முதலில் செய்யத்தக்கது செம்மையான, திருத்தப்படாத மாற்றம். தூய்மை செய்யும் பணியைப் பின்வரும் தலைமுறை இதைவிட நல்ல கருவிகளால் செய்துகொள்ளும். நாடா அதுவரை காத்திராது.